பாங்கு முடியும் வரை

குசினியில் சூடை மீன் அவிகிறது. உப்பில்லை, புளியில்லை, ஒரு துளி மஞ்சள்கூட இல்லை. வெறும் தண்ணீரில் மீன் அவிந்தால் எப்படி மணக்கும் என்று இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. நல்ல மணம் என்று சொல்ல வாய் வரவில்லை. யன்னலைத் திறந்துவிட்டாலும் வெளியே போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீ இருந்திருந்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்தப் போட்டு அவிக்கீங்க? ஊடெல்லாம் நாறுது" என்று கேட்டிருப்பாய்.

எனக்குப் பின்னால், கதவு நிலையோரமாக, ஒன்று வந்து நிற்கிறது. நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் திரும்பவில்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டிக்குள் ஏதோ பெரிய காரியம் நடப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பினால் ஓடிவிடும். பார்க்காமல் நிற்பது எப்படியென்று எனக்குக் காட்டித் தந்தவள் நீ. மீனை இறக்கி ஆறவைத்துவிட்டு, அதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீ மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது என்று பலரும் சொல்வதுபோல் நான் சொல்ல மாட்டேன். வீடு அதே அளவுதான். நான்தான் அதற்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் திரிந்தேன். வெளியில் போய்வந்தால் இன்னும் சலாம் சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறேன். சொல்லிவிட்டு, பதில் வருகிற அளவு நேரம் வாசலில் நிற்பேன். பிறகு செருப்பைக் கழற்றுவேன். தேத்தண்ணிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பேன்.

உனக்கு முன்னால் நான் போயிருந்தால் உனக்கு இத்தா என்று ஒரு காலம் இருந்திருக்கும். வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்திருப்பாய். பெண்கள் வந்து பக்கத்தில் இருந்து பேசியிருப்பார்கள், சமைத்துக் கொண்டுவந்து தந்திருப்பார்கள். ஆணுக்கு அப்படி ஒன்றுமில்லை. உன் ஜனாஸாவை அடக்கி முடித்த அதே கிழமையில் சந்தியில் நின்ற என்னைப் பார்த்து, "என்ன டைம்கீப்பர், சாமான் வாங்கவா?" என்று கேட்டார்கள். டிப்போவில் பஸ் வந்த நேரமும் போன நேரமும் எழுதி எழுதியே தலை நரைத்தவன் நான். உனக்காகத் துக்கம் காக்க எனக்கு எவ்வளவு நேரம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

மகள் டோஹாவில் இருந்து வந்தாள். உனக்காகக் கத்தம் ஓதி முடியும் வரை நின்றாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மருமகனின் வேலை என்று அழுதுகொண்டே திரும்பிப் போனாள். போகும்போது என் கையைப் பிடித்து, "வாப்பா, நீங்க இரிக்கும் வரைக்கும் இது ஒங்கட ஊடு" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு. உன் உம்மா உனக்குத் தந்தா, நீ மகளுக்கு எழுதினாய். ஆணுக்கு முதலில் உம்மாவின் வீடு, பிறகு பொண்டாட்டியின் வீடு. இரண்டு பேரும் போன பிறகு அவன் எங்கே இருப்பது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. இத்தனை வருடம் இருந்த வீட்டில் நான் விருந்தாளியாகிவிட்டேன், விருந்து வைத்தவள் இல்லாத விருந்தாளி.

நிந்தவூரில் இருந்து ராத்தா ஒவ்வொரு நாளும் போன் பண்ணினா. என் கூடப்பிறந்த ஒரே ஒருத்தி, அவவின் குரலில் எப்போதும் உம்மாவின் அதிகாரம் கொஞ்சம் இருக்கும்.

"பொண்டாட்டி இல்லாத ஊட்டுல மாப்புளக்கி என்ன வேல தம்பி? எங்கட உம்மாட ஊடு இரிக்கி. ஒனக்கு அறை ஒழிச்சு வெச்சிரிக்கன். அறுப்பு முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறன்."

நான் "ஓம்" என்றேன். சொல்லிவிட்டு அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய றெக்சின் பையை அண்ணாந்து பார்த்தேன். அதோடுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். அதோடுதான் போக வேண்டும்போல.

இந்த நேரத்தில்தான் உன் கூட்டாளி டீச்சர் வந்தா. பாண்டிருப்பில் இருக்கிற, உன்னோடு ஒரே வகுப்பில் படித்த அந்த டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை, சேர்ச் முடிந்த கையோடு, சாம்பல் நிறச் சேலையில் ஓட்டோவை விட்டு இறங்கினா. கையில் கயிறு கட்டிய பிஸ்கட் பெட்டி. பக்கத்தில் ஓட்டைகள் போட்டிருந்தது. பெட்டிக்குள் இருந்து ஒரு பூனையின் அழுகை வந்தது.

"அண்ணன், மகன் கனடாவுக்குக் கூப்பிடுறான். வீட்டப் பூட்டிட்டுப் போறன். இதக் கொண்டுபோக ஏலாது. ஆருக்கும் குடுக்கவும் மனம் வருகுதில்ல."

"டீச்சர், நானே நிந்தவூருக்குப் போற ஆள். இத வெச்சு நான் என்ன செய்ற?"

"போறவரைக்கும் வெச்சிரிங்க. என்ர மடியத் தவிர அவட மடியில மட்டுந்தான் இது ஏறினது. வேற ஆரையும் கிட்ட எடுக்காது."

டீச்சர் வீட்டுக்குப் போய்வரும் நாள்களில் உன் சேலையில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருக்கும். தட்டிவிட்டுக்கொண்டே வருவாய். அந்த மயிரின் சொந்தக்காரி இதுதான் என்று அறிந்த பிறகு எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

"புடிக்கப் போகாதீங்க அண்ணன்" என்று டீச்சர் சொன்னா. "பாக்கவும் வேணாம். அவ சொல்லுவா, பாக்காம இருந்தாத்தான் வரும் எண்டு."

அந்தச் சொல்லை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று பட்டது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை. டீச்சர் பெட்டியை ஒருமுறை தடவிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டா. பெட்டியைத் திறந்தேன். சாம்பலாக ஏதோ ஒன்று என் கைக்கு மேலால் பாய்ந்து அறைக்குள் போய் உன் அலுமாரிக்கு அடியில் புகுந்தது. நான் கண்டது அவ்வளவுதான்.

அதன் பெயர் டோலி. கிறிஸ்தவ வீட்டில் வைத்த பெயர், அதை மாற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால் தாடி வைத்த ஒரு கிழவன் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, அலுமாரிக்கு அடியில் பார்த்து "டோலி, டோலி" என்று கூப்பிடுவதை நீ கண்டிருக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஆரு மாமா டோலி? ரெண்டாங் கலியாணமா? எங்களுக்குச் சொல்லவேயில்லியே!" என்றாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான், அன்று விடிந்ததில் இருந்து என் வாயில் வந்த ஒரே சொல் அந்தப் பெயர்தான் என்று விளங்கியது. சிரிப்புப் போய்விட்டது.

பூனையையும் பஸ்ஸைப்போல நேரத்துக்கு வரவைக்கலாம் என்று நினைத்தேன். குறித்த நேரத்துக்கு மீன் தட்டை வைப்பேன். வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றிப் பக்கத்திலேயே நிற்பேன். அது வராது. நான் போய்விட்டால் தட்டு காலியாகும். துவாயைப் போட்டுப் பிடித்து மடியில் வைத்துவிட்டால் பழகிவிடும் என்று ஒரு நாள் முயன்று பார்த்தேன். துவாயும் கிழிந்தது, கையும் கிழிந்தது. டீச்சர் சொல்லிவிட்டுத்தான் போனா. நான் கேட்டால்தானே.

கையில் மருந்து பூசிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சொல்லை எங்கே கேட்டேன் என்று ஞாபகம் வந்தது. இதே அறையில்தான். பூனையைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

கலியாணம் முடிந்து நான் நிந்தவூரில் இருந்து இந்த வீட்டுக்குக் குடிவந்த கிழமை. புது மாப்பிள்ளைக்கு என்று ஒதுக்கிய இந்த அறைக்குள் நான் இருக்கிறேன். வெளியில் உன் தங்கைமார், மாமிமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் மாப்பிள்ளை எப்படித் தின்கிறார், எப்படி நடக்கிறார் என்று பார்க்க வந்து நிற்கிறார்கள். உன் உம்மா என் முன்னால் வரமாட்டா. கதவுக்குப் பின்னால் நின்று உன்னிடம் சொல்லுவா, நீ என்னிடம் வந்து சொல்லுவாய். ஊர்க்கோழியும் கணவாயும் வட்டிலப்பமும் தட்டு நிறைய இருக்கும். யன்னல் திரை அசையும். தட்டைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்துவிடுவேன். தண்ணீர் கேட்கவும் வெட்கம். சந்திக் கடைக்கு நடந்துபோய்ச் சோடா குடித்துவிட்டு வருவேன்.

ஒரு பகல் நீ யன்னலுக்கு வெளியே நின்று உன் தங்கைமாரை அதட்டினாய். "எழும்பிப் போங்க புள்ளையள். அவர ஆரும் பாக்கவேணாம். பாக்காம இருந்தாத்தான் வருவாரு." பிறகு உள்ளே வந்து தட்டை வைத்தாய். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து உடுப்பு மடித்தாய். மடித்ததையே குலைத்துக் குலைத்து மடித்தாய். நான் அன்றுதான் இந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று உனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

லீவு கிடைத்தால் நான் நிந்தவூருக்கு ஓடிவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த றெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், காரைதீவு தாண்டும்போதுதான் எனக்கு மூச்சு வரும். போகாதீங்க என்று நீ ஒரு நாளும் சொல்லவில்லை. நான் திரும்பி வந்த பிறகு பையில் இருந்து ஒரு சாறன் காணாமல் போகும். தேடினால் அலுமாரியில் உன் சேலைகளுக்குப் பக்கத்தில் மடித்து இருக்கும். "கழுவினன், அதான் வெச்ச" என்பாய். அடுத்தமுறை ஒரு சேட். அதற்கு அடுத்தமுறை சவர சாமான். ஒரு நாள் பையைத் திறந்தால் உள்ளே ஒன்றுமேயில்லை. பிறகு பையே அலுமாரிக்கு மேலே போய்விட்டது. நானும் ஏன் என்று கேட்கவில்லை. நிந்தவூருக்குப் போனாலும் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பி வருபவனாக ஆகிவிட்டேன்.

அதை நினைத்த பிறகு தட்டுக்குப் பக்கத்தில் நிற்பதை விட்டேன். மீனை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து என் சாறனை மடிப்பேன். உன்னைப்போல் குலைத்துக் குலைத்து மடிப்பேன். பின்னால் மெல்ல மெல்லச் சத்தம் வந்தது. முதலில் நக்கும் சத்தம், பிறகு முள் கடிபடும் சத்தம். ஒரு நாள் அறை வாசல் வரைக்கும் வந்து சாப்பிட்டது. ஒரு காது ஓரத்தில் கிழிந்திருப்பதையும், நான்கு பாதமும் வெள்ளை என்பதையும் அலுமாரிக் கண்ணாடியில் கள்ளத்தனமாகப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் எல்லாம் கூடிவருகிற நேரத்தில் எல்லாம் குலைந்துபோகும். காலையில் வாசல் வரைக்கும் வந்தது பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அலுமாரிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். பின்னேரம் எட்டிப் பார்ப்பது பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு மீனைத் தொடாது. ஏன் என்று விளங்கவில்லை. எனக்கு அதன் மேல் கோபம்கூட வந்தது. தின்ன மீன், இருக்க வீடு, இன்னும் என்ன வேண்டும் இதற்கு என்று வாய்விட்டுக் கேட்டேன்.

ஒரு நாள் காலை, தொழுகை நேரம் எதுவும் இல்லாத ஒரு பொழுதில், என் வெள்ளைத் தொப்பியைக் கழுவப் போடலாம் என்று ஆணியில் இருந்து எடுத்தேன். வாசலில் தின்றுகொண்டிருந்த டோலி தட்டைப் புரட்டிக்கொண்டு ஓடியது. சத்தம் ஒன்றுமில்லை. யாரும் வரவில்லை. என் கையில் தொப்பி மட்டும்தான். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி நம் கூரையைப் பார்த்துத்தானே கட்டியிருக்கிறது. பாங்கு சொன்னால் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். நமக்கு அது பழகிய சத்தம். பாண்டிருப்பில் தூரத்து மணிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பூனைக்கு அப்படியல்ல. நான் வேறு, பஸ் வருமுன்னே போய்ப் பாதையில் நிற்கிற ஆள். பாங்குக்குச் சற்று முன்னமே எழும்பிவிடுவேன். கதிரையைத் தள்ளுவேன், தொப்பியை எடுத்துத் தலையில் வைப்பேன், தாழ்ப்பாளைத் திறப்பேன். திறந்த கையோடு பாங்கு தொடங்கும். பூனையின் கண்ணில் அது எப்படி இருந்திருக்கும்? இந்தக் கிழவன் எழும்புகிறான், வெள்ளையாக ஒன்றைத் தலையில் போடுகிறான், உடனே வீடு அதிர்கிறது. அதிரவைத்துவிட்டு, பயந்து கிடக்கிற என்னைத் தனியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறான். ஒரு நாளைக்கு ஒரு முறையா? ஐந்து முறை! நான் மீன் கொடுத்துச் சேர்த்ததையெல்லாம் தொப்பி போட்டு அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று லுஹருக்கு நான் எழும்பவில்லை. கை, முகம், கால் கழுவி வுளு செய்துவிட்டு வந்து அறை வாசலில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் முறைப்பாடு சொல்லின. பாங்கு தொடங்கியது. அலுமாரிக்கு அடியில் டோலி சுருண்டு போனது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாங்கு சொல்கிற முஅத்தின் சொல்லச் சொல்ல, நமக்குச் சொல்லித் தந்தபடி, ஒவ்வொரு வரியையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். வெளியே அவ்வளவு பெரிய குரல், உள்ளே என் சிறிய குரல். நான் இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் போகவில்லை என்று அதற்குத் தெரியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பாங்கு முடிந்த பிறகுதான் எழும்பித் தொப்பியை எடுத்தேன்.

அப்படியே ஒவ்வொரு நேரமும் செய்தேன். அப்படி இருந்த ஒரு பின்னேரம்தான் தரையைக் கவனித்தேன். அறை வாசலின் அந்த ஓரத்தில் மட்டும் சிவப்புச் சீமெந்து கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கிறது. வேறெங்கும் அப்படியில்லை. பாங்கு கேட்டால் சேலையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு நீ உட்காரும் இடம் அது. நான் அதைக் கண்டதேயில்லை. எப்படிக் காண்பேன்? அந்த நேரம் நான் பாதி வழியில் அல்லவா போய்க்கொண்டிருப்பேன். பள்ளிக்குத்தான் போனேன், போனதில் பிழையொன்றும் இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் பாங்கு முடியும் வரை இந்த வீட்டுக்குள் இருப்பது எப்படியென்று நீ மட்டும்தான் அறிந்திருந்தாய்.

அந்த இடத்தில் இருந்து பார்த்தால் முன்கதவு நேரே தெரிகிறது. அதற்கு அப்பால் கேற்று. போகிறவனின் முதுகு கடைசி வரைக்கும் தெரிகிற இடம். திரும்பி வருகிறவனின் முகம் முதலில் தெரிகிற இடமும் அதுதான். நான் வந்து செருப்பைக் கழற்றுமுன்னே தேத்தண்ணி எப்படித் தயாராக இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததேயில்லை. அன்றுதான் அழுதேன். உன்னைக் கொண்டுபோகும்போதுகூட நான் அப்படி அழவில்லை. ஆட்கள் இருந்தார்கள், வேலைகள் இருந்தன. அன்று யாரும் இல்லை. அலுமாரிக்கு அடியில் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன, அவையும் என்னை நம்பவில்லை.

பள்ளியில் நான் எப்போதும் முதல் வரிசையில், முதல் சஃப்பில் நிற்கிறவன் என்று உனக்குத் தெரியும். இப்போது பின்னுக்குப் போய்விட்டேன். பேஷ் இமாமே ஒரு நாள் சுகம் விசாரித்தார். என் பக்கத்தில் தொழுகிற ஹாஜியார் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன டைம்கீப்பர், இப்ப ஒவ்வொரு பஸ்ஸும் லேட்டாகுது?"

"ஊட்டுல ஆள் இரிக்கி ஹாஜியார். உட்டுட்டு ஒடன வர ஏலா" என்றேன்.

அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டில் ஆள் இருக்கிறது என்று வாயால் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது! அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, சொன்னேன். வழி நெடுக அந்தச் சொல்லை மென்றுகொண்டே வந்தேன்.

டோலி அடியில் இருந்து அரை உடம்பை வெளியே நீட்டியது. பிறகொரு நாள் பாங்கு நடக்கும்போதே கட்டில் கால் வரைக்கும் வந்து நின்றது. சுபஹுக்குப் பிறகு ஒரு விடியலில் என் குதிக்காலில் ஈரமாக ஏதோ பட்டது. அதன் மூக்கு. நான் அசையவில்லை, மூச்சுவிடக்கூட யோசித்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் எதுவும் நடக்கவில்லை. இதற்குள் சவளக்கடை வயல்களில் அறுப்பு முடிந்து பாதையெல்லாம் நெல் காயத் தொடங்கிவிட்டது. ராத்தா சொன்ன தவணை வந்துவிட்டது.

ராத்தா வந்தது ஒரு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. அவவின் மருமகனின் ஓட்டோ கேற்றடியில் நின்றது. எனக்குப் பொரித்த மீனும் சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தா. வீட்டைச் சுற்றிப் பார்த்தா, உன் படுக்கைப் பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு வேலையைத் தொடங்கிவிட்டா.

"இன்னும் உடுப்பு எடுத்து வெக்கலியா தம்பி? அந்தப் பைய எறக்கு."

கதிரையில் ஏறிப் பையை இறக்கினேன். ராத்தா ஈரத் துணியால் அதைத் துடைத்துக் கட்டிலடியில் தரையில் வைத்தா. அலுமாரியைத் திறந்து என் சாறன்களை எடுத்தா. உன் சேலைகளுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பைக்குள் அடுக்கினா. நீ எவ்வளவு காலம் எடுத்துச் செய்த வேலை, ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அலுமாரிக்கு அடியில் டோலி மூச்சுக் காட்டாமல் கிடந்தது. பூனையை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது என்று பேசியிருந்தேன். அவளும் ஓம் என்றிருந்தாள்.

அசர் பாங்கு தொடங்கியது. நான் போய் அறை வாசலில் உட்கார்ந்தேன்.

"என்ன தரையில இரிக்காய்? பள்ளிக்குப் போற இல்லியா?"

"பாங்கு முடியட்டும் ராத்தா."

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தா. நான் வாய்க்குள் பதில் சொல்லத் தொடங்கினேன். கண்ணாடி நடுங்கியது. அப்போது டோலி வெளியே வந்தது. வீட்டுக்குள் புது ஆள், புதுச் செருப்பு, புது மணம், வெளியே அந்தப் பெரிய சத்தம். ஓடுவதற்கு அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. அது ராத்தாவின் காலைத் தாண்டியது. நிறைந்த பையைத் தாண்டியது. வயிறு தரையில் உரச உரச வந்து, என் முழங்காலுக்குப் பக்கத்தில், சீமெந்து வழவழப்பாக இருக்கிற அந்த இடத்தில் உட்கார்ந்தது. அதன் உடம்பு நடுங்குவது என் சாறனுக்கு மேலால் தெரிந்தது. நான் பார்க்கவில்லை. முஅத்தின் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாங்கு முடிந்தது. ராத்தா கிசுகிசுத்தா.

"இது எப்ப வந்த?"

"வந்து கன நாள். கிட்ட வந்தது இப்பத்தான். இத உட்டுட்டு எப்பிடி ராத்தா வாற?"

"அதையும் கொண்டு வா. எங்கட ஊட்டுலயும் எலி இரிக்கி."

"ஏலா ராத்தா. இன்னொரு ஊட்டுல முதல்ல இருந்து துவங்க ஏலா."

ராத்தா என் முகத்தைப் பார்த்தா. "பூனக்கா ஏலா, ஒனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

ராத்தா கோபிக்கப் போறா என்று பார்த்தேன். அவ முந்தானையால் கண்ணைத் துடைத்தா. "ஒன்ன இஞ்ச அனுப்பக்குள்ள உம்மா எத்தின நாள் அழுதா தெரியுமா? எண்ட புள்ள ஓடி ஓடி வாறானே, அங்க இருக்கமாட்டானாக்கும் எண்டு. நீ வராம உட்ட பொறகு அதுக்கும் அழுதா. நல்லா இரிக்கான் எண்டு சொல்லிச் சொல்லி அழுதா." குனிந்து பையில் இருந்து மேலே கிடந்த சாறனை எடுத்து விரித்து மடித்து அலுமாரியில் வைத்தா. பிறகு அடுத்ததை எடுத்தா. "பெருநாளைக்காவது வா" என்று அலுமாரிக்குள்ளேயே சொன்னா. நான் ஓம் என்றேன். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தேன். டோலி காதை மடக்கியது, ஆனால் ஓடவில்லை.

பை இப்போது மேலே இல்லை. திறந்தபடி கட்டிலடியில் கிடக்கிறது, டோலி அதற்குள்தான் படுக்கிறது. என் சாறனெல்லாம் சாம்பல் மயிர். பூனை மயிரோடு தொழலாமா என்று ராத்தா போனில் கேட்டா, அதிலொன்றும் குற்றமில்லை என்று இமாமிடம் கேட்டுச் சொன்னேன். டீச்சருக்கும் தகவல் போய்விட்டது. மடியில் ஏறிற்றா என்று கேட்டிருந்தா. இல்லை. அது உன் மடிக்குரியது, நான் அவசரப்படுத்தவில்லை. தொட்டுப் பார்க்கவும் இன்னும் விடுவதில்லை. மீன்காரனின் ஹோர்ன் கேட்டால் முதலில் அதுதான் கேற்றுப் பக்கம் பார்க்கிறது, சலாம் சொல்லி நுழைந்தால் பதிலுக்கு ஒரு வால் அசைகிறது.

தனிமை போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். போகவில்லை. இரண்டு கோப்பை எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கிற கை இன்னும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. பாங்கு சொல்லும்போது இந்த வீட்டில் எங்கே இருப்பது என்று இப்போது எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் உட்காருவதில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி, அந்த வழவழப்பான சீமெந்தை விட்டுக்கொடுத்து உட்காருகிறேன். முதல் வரி முடியுமுன்னே பக்கத்தில் ஒரு அசைவு தெரியும். பிறகு தொடையோரமாக ஒரு சூடு. அது டோலிதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை என்பதும் தெரியும்.

ஆனாலும் பாங்கு முடியும் வரை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருந்தால்தான் வரும் என்று சொன்னவள் நீதானே.